கிணற்றுக்குள் எட்டுப் பேர்

ஜூன் 14

சின்னவளுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று உன்னிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொள்வது நடக்காத காரியம். நேற்று நான் பேசிய அத்தனைக்கும் நீ சொன்னது "உம்", "ம்", கடைசியில் "சரிக்கா". அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு வாயில் வராதது கையில் வரும் என்று எனக்குத் தெரியும். போனைத் தூக்கிப் போடு. எழுது.

அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கையை நீட்டினால் சுண்ணாம்பு ஒட்டும். வீட்டுக்காரம்மா நல்ல மாதிரிதான். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை மட்டும் ரகசியம் போலக் காக்கிறார்.

எனக்கு ஏழாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தங்கமானவர்கள். அதுதான் சிக்கல். எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள், சிரிக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். "இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டதுபோல எல்லாத் தலையும் குனிந்துகொண்டது. கடைசியில் ஒருவன் மட்டும் எழுந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்களோ அதேதான் டீச்சர்" என்றான். சிரிக்காதே. எனக்கு அழுகைதான் வந்தது. சுயமாக யோசிக்க வேண்டும், யோசித்ததை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். இதைக்கூடப் பழக்கவில்லை என்றால் நான் எதற்கு டீச்சர்?

ஒரு யோசனை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு துணிப் பந்து தைத்து அனுப்பு. நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பந்தை வீசுவேன். யார் கைக்கு வருகிறதோ அவர்கள் எழுந்து தமக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் உட்கார முடியும். மேலே பட்டாலும் வலிக்காத பந்தாக இருக்கட்டும்.

அப்பாவின் இருமலுக்கு மருந்து வாங்கிக் கொடு. ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியாது. அவர் கிடங்கில் காவல் முடிந்து வரும்போது நான் தையல் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். நான் திரும்பும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். வாசலில் சாவி கை மாறும். அந்த நேரத்தில் அவர் இருமுவதில்லை.

பந்து தைத்துவிட்டேன். இதனுடன் அனுப்புகிறேன். துணி வீட்டிலேயே இருந்தது. ஆறு துண்டுகளாக வெட்டி, உள்ளே கடையில் விழுந்த வெட்டுத் துணியை அடைத்திருக்கிறேன். மேலே அங்கங்கே சிவப்புத் துண்டு வைத்துத் தைத்தேன், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அக்கா பந்தைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "என்னடி, சத்தம் போடாம ஏதோ பெத்துப் போட்டுட்டே!" என்றார். மாஸ்டர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நான் பட்டன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இது பள்ளிச் சீருடை தைக்கிற மாதம். எங்கே பார்த்தாலும் நீலக் கட்டம். என் வேலை பட்டனும் ஓரம் மடிப்பதும். சின்னச் சட்டைகளுக்குப் பட்டன் வைக்கும்போது, இதை யார் போடுவார்கள், எந்த வரிசையில் உட்காருவார்கள் என்று யோசிப்பேன். கை தானாக நடக்கும்.

ஒன்று கேட்கலாமா? பந்து கையில் வந்தும் வாயில் ஒன்றும் வராவிட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

இப்படிக்கு,
சின்னவள்


ஜூலை 15

சின்னவளுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் பந்து என்ன மாயம் செய்தது தெரியுமா? முதல் நாள் தயங்கினார்கள். ஒரு வாரத்தில் என் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. நேரம் பற்றிய பாடம். பந்து ஒரு வாயாடியின் கையில் போய் விழுந்தது. "கடிகாரம் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி யாருமே லேட்டா வந்திருக்க மாட்டாங்கல்ல டீச்சர்?" என்றான். எப்படி இருக்கிறது! உடனே இன்னொருத்தி, "அப்பவும் உங்க அம்மா உன்னைத் திட்டியிருப்பாங்க" என்றாள். தலைமை ஆசிரியை வெளியே நின்று கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் மற்ற ஆசிரியர்களை அழைத்து என் வகுப்பைக் காட்டப் போகிறாராம்.

ஒரே ஒருத்திதான் பிடி கொடுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் மனதுக்குள் அவளுக்கு ஜன்னல் என்றே பெயர் வைத்திருக்கிறேன். பந்து அவள் மடியில் விழுந்தது. எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவ்வளவுதான். மணி அடிக்கும்வரை நின்றாள். நான் கோபப்படவே இல்லை. "உனக்குத் தோணுறதைச் சொல்லும்மா, எதுவா இருந்தாலும் சரி, தப்பே கிடையாது" என்று எவ்வளவு அன்பாகக் கேட்டேன்! அவள் அழுத்தக்காரி என்றால் நான் அவளுக்கு மேல். நாளையும் பந்து அவளுக்குத்தான். வாயைத் திறக்க வைக்காமல் விடப்போவதில்லை.

உனக்குப் படிப்பில் மனசு போகவில்லை என்று அப்பா சொன்னபோது நான் விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது தோன்றுகிறது, இப்படி ஒரு வகுப்பு கிடைத்திருந்தால் நீயும் ஓடி ஓடிப் போயிருப்பாய்.

மாஸ்டருக்கும் காஜா அக்காவுக்கும் என் நன்றியைச் சொல். வாயால் சொல்!

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். உடனே பதில் எழுத முடியவில்லை, கடையில் வேலை அதிகமாக இருந்தது. சீருடைக் காலம் முடிந்துவிட்டது. மாஸ்டர் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்.

உன் வகுப்பு நன்றாக நடப்பதில் சந்தோஷம். கடிகார விஷயத்தைக் காஜா அக்காவிடம் படித்துக் காட்டினேன். படிப்பது எனக்கு வரும், பேசுவதுதான் வராது.

அந்த ஜன்னல் பெண் மறுநாள் உட்கார்ந்தாளா? நிற்கும்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்? உன்னையா, தரையையா? பந்தை எப்படிப் பிடித்திருந்தாள்?

அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று நீ நினைக்கிறாயா?

வேறு விசேஷம் இல்லை. மழையில் நனையாதே.

இப்படிக்கு,
சின்னவள்


ஆகஸ்ட் 24

சின்னவளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். சுகம்தான், தூக்கம்தான் இல்லை. வகுப்பைப் பார்க்க வருகிறவர்கள் நாளைக் காலை வருகிறார்கள். சுவரில் ஒட்டப் படம் வரைந்து விரல் முழுக்கச் சாயம். பந்தைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், உனக்குப் பெருமையாக இருக்கட்டும்.

நீ கேட்ட பெண் இப்போது வருவதில்லை. ஜுரமாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. சரியானதும் வருவாள்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல். மற்றவை பிறகு.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். வகுப்பு நல்லபடியாக முடிந்திருக்கும்.

அது ஜுரமாக இருக்காது அக்கா. முதலில் வயிற்று வலி என்று சொல்லியிருப்பாள். பிறகு தலைவலி. ஜுரம் கடைசியில் வருவது, கை வைத்துப் பார்க்கிறவர் வீட்டில் இல்லாதபோது. நீ போய்ப் பார்க்க முடியுமா? பள்ளிக்கூடத்துக்கு வா என்று கூப்பிட வேண்டாம். சும்மா போய்ப் பார்.

பந்தைத் திருப்பி அனுப்பிவிடு. தையல் சரியில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

நேரத்துக்குத் தூங்கு.

இப்படிக்கு,
சின்னவள்


செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் தெரிந்திருக்கும். கடிதம் வரவில்லை. போன வாரம் போன் செய்தாய். அப்பா, "அக்கா பேசுறா, பேசு" என்று என் காதில் வைத்தார். என்ன கேட்க வேண்டும் என்று ஒரு மாதமாக வைத்திருந்தேன். நீ "எப்படிடீ இருக்கே?" என்றாய். நான் "உம்" என்றேன். நீ சிரித்தாய். பிறகு அப்பா வாங்கிக்கொண்டார். நான் கேட்க நினைத்தது இதுதான்: அவள் வந்தாளா?

இங்கே மாற்றம் ஒன்றும் இல்லை. கடையில் நான் சொல்கிற வார்த்தைகளை நேற்று யோசித்துப் பார்த்தேன். "ஊசி." "நூல்." "ஆச்சு." காஜா அக்கா ஊருக்குப் போயிருக்கிறார், அவர் இருந்தால் "இல்லக்கா" என்று ஒன்று கூடும். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் நீ போகும்போது கொடியில் விட்டுப்போன துண்டு அப்படியே இருக்கிறது. எடுத்து மடித்தால் கொடி வெறுமையாகிவிடும், அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.

பந்து இன்னும் வரவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
சின்னவள்


அக்டோபர் 12

என் சின்னவளுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது வழக்கத்துக்காக எழுதுவது.

உன் இரண்டு கடிதமும் மேசையில் கிடந்தன. நீ கேட்டதற்குப் பதில் இருந்தது, அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் எழுதவில்லை. அவள் வரவில்லை. ஜுரமும் இல்லை. போன வாரம்தான் போனேன். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால் ஓர் அறை, நடுவில் ஒரு திரை. அவள் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அவளுக்குப் படிப்புல மனசு போகலையாம் டீச்சர்" என்றார். திரைக்குக் கீழே அவளுடைய கால்விரல்கள் தெரிந்தன. நான் கேட்டதற்கெல்லாம் அவை மட்டும் அசைந்தன.

மனசு போகலையாம். எங்கேயோ கேட்ட வாக்கியமாக இருக்கிறதே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பையன்கள் பந்தை உதைத்து விளையாடித் தையல் விட்டுவிட்டது. அறைக்குக் கொண்டுவந்து தைக்க உட்கார்ந்தேன். சிவப்புத் துண்டு ஒன்று பிய்ந்து தொங்கியது. அதன் அடியில் நீலக் கட்டம். கடைத் துணி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதில் ஒரு வரிசை ஊசித் துளை இருந்தது, கோணலாக. சட்டைப் பையில் பள்ளிச் சின்னம் தைத்த இடம். அவ்வளவு கோணலாகத் தைக்கிறவள் நம் வீட்டில் ஒருத்திதான், நான். நீ அன்றைக்கு, "பரவால்லக்கா, நான் தலையைச் சாய்ச்சுக்கறேன், நேராத் தெரியும்" என்றாய். இவ்வளவு நீளமாக நீ பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சின்னவளே, வகுப்பில் அத்தனை பேரையும் கேட்கிறேன், என்ன நினைக்கிறீர்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று. உன்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நீ ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாய்?

எப்போது எழுத முடிகிறதோ அப்போது எழுது. நான் இருக்கிறேன்.

அக்கா


நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். எழுத உட்கார்ந்து பலமுறை எழுந்துவிட்டேன். இன்று கடை விடுமுறை, அப்பா தூங்குகிறார்.

கணக்கு வகுப்பு. சார் பலகையில் எழுதினார்: நாலு பேர் ஒரு கிணறு வெட்ட எட்டு நாள் ஆகும், எட்டுப் பேர் வெட்டினால் எத்தனை நாள்? எல்லாரும் "நாலு நாள் சார்" என்று கத்தினார்கள். நாலு என்று எனக்கும் தெரியும். ஆனால் அதற்குள் எனக்குக் கிணறு தெரிந்துவிட்டது. நாலு பேர் நின்றாலே முழங்கை இடிக்கிற கிணறு. அதற்குள் இன்னும் நாலு பேர் இறங்குகிறார்கள். கடப்பாரையை ஓங்கினால் பக்கத்தில் இருப்பவர் தலையில் படும். மண்ணை எங்கே கொட்டுவார்கள்? அடுத்தவர் காலில்தான். இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போது சார் என்னை எழுப்பினார்.

சார் கெட்டவர் இல்லை அக்கா. "சொல்லும்மா, பயப்படாதே" என்று நன்றாகத்தான் கேட்டார். நாலு என்று சொன்னால் உட்கார்ந்திருக்கலாம். அது எனக்குப் பொய் சொல்வது போல இருந்தது. கிணற்றைச் சொல்லலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது? முழங்கையிலிருந்தா, கடப்பாரையிலிருந்தா? நான் வரிசைப்படுத்திக்கொண்டு இருந்தேன். "பதில் சொல்லிட்டு உட்காரு" என்று அவர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாளும் என்னையே எழுப்பினார், என்னைப் பேச வைத்துவிட வேண்டும் என்று. அவருக்கும் அக்கறைதான்.

பிள்ளைகள் எனக்குக் கிணறு என்று பெயர் வைத்தார்கள். "கிணறு வருது, கயிறு எடு, வாளி எடு, ஒரு வார்த்தை இறைக்கலாம்." ஒருவன் என் காதுக்குள் ஒரு கல்லைப் போடுவதுபோலப் பாவனை செய்து, சத்தம் வருகிறதா என்று கேட்பான். உண்மையில் வேடிக்கையாகத்தான் இருக்கும், நானாக இல்லாவிட்டால்.

பிறகு வயிற்று வலி வந்தது. நிஜமாகவே வலிக்கும், பள்ளிக்கூட மணி கேட்டால். அப்பா ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு, "என்னதான்மா ஆச்சு?" என்றார். அவர் கையில் சாவி இருந்தது, வேலைக்கு நேரமாகிவிட்டது. கிணறு பெரிய கதை. அதனால் "படிப்புல மனசு போகலப்பா" என்றேன். அந்த வாக்கியத்தை அவருக்குக் கொடுத்தது நான்தான். சின்ன வாக்கியம், சீக்கிரம் முடிந்துவிடும். ஜன்னல் பெண்ணும் அதனால்தான் அதை எடுத்திருப்பாள்.

சட்டையை வைத்திருந்து என்ன செய்வது? துணி நல்ல துணி. பந்தாகவாவது பள்ளிக்கூடம் போகட்டும் என்று நினைத்தேன்.

பந்து தப்பு என்று நான் சொல்லவில்லை. வாயாடிகளுக்கு அது நல்லதுதான். ஆனால் கைக்கு வந்த உடனே எல்லாருக்கும் வந்துவிடாது அக்கா.

அந்தக் கணக்கு என்னிடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அத்தனை பேரும் அந்தக் கிணற்றுக்குள் எப்படி நிற்பார்கள்?

குளிர் தொடங்கிவிட்டது, போர்த்திக்கொண்டு தூங்கு.

இப்படிக்கு,
சின்னவள்


நவம்பர் 19

என் கண்ணுக்கு,

நலம். நீ நலமா? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி எடுத்துப் படித்தேன். "சொல்லும்மா, பயப்படாதே" என்ற இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அது என் குரல்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்குப் பின்னால் மறுபடி போனேன். அவளைக் கூப்பிடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அவள் அம்மாவிடம் உன் கதையைச் சொன்னேன். அவர் "அடப் பாவமே" என்றார். "என் தங்கச்சி இன்னும் அதையேதான் கேட்டுட்டிருக்கா, எனக்கும் பதில் தெரியல" என்றேன். அவர் டீ கொடுத்தார். கால்விரல்கள் திரைக்குக் கீழேயே இருந்தன. நான் ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்தேன். வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். டம்ளர் காலியான பிறகும் குடிப்பதுபோல வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து வந்தது: "எட்டுப் பேரும் எதுக்கு உள்ள இறங்கணும்?"

கொஞ்சம் கரகரப்பான குரல். அதுவரை எனக்குத் தெரியாது.

"வெட்டுன மண்ணை யாரு மேல தூக்குறது? நாலு பேர் உள்ள வெட்டுனா, நாலு பேர் மேல நின்னு கயித்தை இழுக்கணும்ல?"

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பயந்து பறந்துவிடுமோ என்று, பக்கத்தில் ஒரு குருவி வந்து உட்கார்ந்ததுபோல அசையாமல் இருந்தேன்.

"உங்க தங்கச்சி என்ன சொல்றாங்கன்னு கேளுங்க."

"கேட்டு எழுதுறேன்."

"கடுதாசி எங்க வரும் டீச்சர்?"

"பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லலாம்" என்றேன்.

விரல்கள் உள்ளே போய்விட்டன. நான் எழுந்து செருப்பு மாட்டும்போதுதான், "வந்தா சொல்லி அனுப்புங்க. வந்து படிச்சுக்கறேன்" என்றாள்.

ஆகவே பதிலை அறைக்கு அனுப்பாதே. பள்ளி முகவரியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பந்தைத் தைத்துவிட்டேன், கோணலாகத்தான். இப்போது அது மேசை மேல் இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சும்மா கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைக்கிறவர்களும் உண்டு. வாயாடிக்கு அதில் வருத்தம்.

அன்புடன்,
அக்கா


நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். என்னை அறியாமல் "அட, ஆமால்ல!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மாஸ்டர் நிமிர்ந்து, "யாருப்பா ரேடியோவைப் போட்டது?" என்றார். ஊரிலிருந்து திரும்பிய காஜா அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார். நான் கிணற்றைச் சொன்னேன். முழங்கையிலிருந்து தொடங்கினேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன், அவர் நூலைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாவி கை மாறுகிற நேரத்தில் அடங்காது. ஆனால் நேற்று அவர் வாசலில் இருமினார், நான் மருந்தை எடுத்து நீட்டினேன். "நீ எப்படிம்மா கவனிச்சே?" என்றார். கொடியில் உன் துண்டு இன்னும் தொங்குகிறது.

இதற்குக் கீழே இருப்பது அவளுக்கு. அவளே படிக்கட்டும், நீ உரக்கப் படிக்காதே.

ஜன்னலோரம் உட்காருகிறவளுக்கு,

உன் பெயர் எனக்குத் தெரியாது. நீ நலமா? நான் இவ்வளவு காலமாக எல்லாரையும் கிணற்றுக்குள்ளேயே இறக்கிவிட்டு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தேன். மேலே ஆள் நிற்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ சொன்னது சரி.

ஆனால் ஒரு சந்தேகம். முதல் நாள் பள்ளம் முழங்கால் ஆழம்கூட இருக்காது. மண்ணைத் தூக்க ஆள் வேண்டாம், உள்ளே இருப்பவர்களே வீசிவிடலாம். அன்றைக்கு மேலே இருக்கிற நாலு பேரும் என்ன செய்வார்கள்? சும்மா நிற்பார்களா? அப்படியானால் நாலு நாளில் முடியுமா?

அக்கா, அவளுக்கு அவசரமில்லை என்று சொல். உட்கார்ந்தே யோசிக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னவள்